கிட்டியும் மாவுக்கட்டும்

அத்தையின் ஐந்து பவுன் சங்கிலி காணாமல் போனபோது எனக்கு 14 வயது. 1998, ஆவணி மாதம். சித்தப்பா கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. வெள்ளையடிக்க வந்திருந்த அண்ணன் மூன்று நாளாக எங்கள் வீட்டில்தான் வேலை பார்த்தார், மதியச் சோறும் எங்கள் திண்ணையில்தான். பீரோவை நகர்த்தி வைத்ததும் அவரே. சங்கிலி இல்லை என்று தெரிந்த நிமிஷமே எல்லோர் மனதிலும் ஒரே முகம்தான் வந்தது. என் மனதிலும்.

அப்பா ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, ஒரு ரசீது மட்டும் கொடுத்தார்கள். "பேப்பர்ல வந்தா கல்யாண வீட்டுக்குச் சங்கடம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்று அங்கிருந்த அதிகாரி சொன்னாராம். பாத்துக்கறோம் என்றால் என்ன என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்த பையனுக்கு 14 வயதிலேயே அது தெரிந்திருக்கும். "லாடம் கட்டிருவேன்" என்று வகுப்பில் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள்தானே நாங்கள்.

மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்கள். அவர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். முதலில் ஒரு அடகுக்கடையைச் சொன்னார், அங்கே இல்லை. இன்னொரு கடையைச் சொன்னார், அங்கேயும் இல்லை. மூன்றாவது கடையில் சங்கிலி 'கிடைத்துவிட்டது'. அப்பாவும் அத்தையும் போனார்கள், நானும் கூடவே போனேன். மேஜையில் ஒரு பழைய செய்தித்தாள் துண்டின்மேல் சங்கிலி கிடந்தது. நாலரை பவுன். அத்தை கையில் எடுத்து இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னுது இல்லண்ணே" என்றார். அத்தையுடையது முறுக்குச் சங்கிலி, கொக்கி தேய்ந்துபோய் ஆசாரியிடம் கொடுத்துப் புதுக் கொக்கி வைத்தது. இதுவோ வேறு வேலைப்பாடு. கொக்கியை ஒட்டிய கண்ணியில் ஒரு மஞ்சள் நூல் சிக்கியிருந்தது. "உருக்கி மாத்தியிருப்பான்மா. எடை கிட்டத்தட்ட சரியாத்தானே இருக்கு? வாங்கிட்டுப் போங்க" என்றார் அதிகாரி.

அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த அண்ணனைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் பார்த்தேன். கண்ணாடி டம்ளரை விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அணைத்தபடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் எதிர்த்திசையில் போய்விட்டேன்.

இதை இத்தனை வருஷம் எங்கும் எழுதியதில்லை. எழுத வைத்தது 2025 ஜூன் மாதம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோவிலில் காவலாளியாக வேலை பார்த்த அஜித்குமார் என்ற 27 வயது இளைஞர், நகை காணாமல் போன புகார் ஒன்றில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஜூன் 28-ம் தேதி இறந்துபோனார். திருட்டுக்கு முறையாக வழக்குப் பதியாமலே ஒரு தனிப்படை அவரை விசாரித்தது. உடலில் 44 காயங்கள். கோவிலுக்குப் பின்புறம் அவரை அடிப்பதை யாரோ மறைவாக நின்று எடுத்த சில விநாடிக் காணொளிதான் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்று மதுரைக் கிளையின் நீதிபதிகள் வேதனைப்பட்டார்கள். மிளகாய்ப்பொடி தூவினார்கள் என்ற குற்றச்சாட்டும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது.

புகார் பத்துப் பவுனுக்கும் குறைவான நகை. எங்கள் வீட்டில் ஐந்து. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவை இழுத்துக்கொண்டு போனதும் ஒரு நகைத் திருட்டுப் புகாரில்தான். சித்திரவதை பற்றிப் பேச்சு வந்தால் உலகம் முழுக்க ஒரே உதாரணத்தைத்தான் எடுக்கிறார்கள்: ஊருக்குள் எங்கோ வெடிகுண்டு இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் வெடிக்கும், வைத்தவன் கையில் சிக்கிவிட்டான், அடிப்பீர்களா மாட்டீர்களா? நானும் கல்லூரியில் இதை வைத்து மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். நம் ஊர் ஸ்டேஷன்களில் அடி வாங்குபவர்கள் யாரும் வெடிகுண்டு வைத்தவர்கள் இல்லை. வெள்ளையடிக்க வந்தவர், வீட்டு வேலைக்கு வந்த அக்கா, கோவில் வாசலில் கார் சாவியை வாங்கிய காவலாளி.

இது வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆவணமாகிவிட்ட கதை. 1854-ல் லண்டன் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வாங்குவதற்காக விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஒரு ஆணையம் போட்டார்கள். அவர்களுடைய அறிக்கை 1855-ல் வந்தது. நேரில் வந்தும் கடிதம் எழுதியும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் முறையிட்டிருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் வரும் முறைகளைப் படிக்கும்போது என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. வெயிலில் நிற்க வைப்பது. சோறு தூக்கம் இல்லாமல் அடைத்து வைப்பது. கழுத்தில் கயிறு போட்டுக் கால் கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டிக் குனிந்தபடியே நிறுத்துவது. தேங்காய்ச் சிரட்டைக்குள் பூச்சியை விட்டுத் தொப்புள்மேல் கவிழ்ப்பது. கண்ணில் மிளகாய்ப்பொடி. அப்புறம் கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது. எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டி என்ற சொல்லை அங்கே படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது டீ டம்ளரை அணைத்திருந்த அந்த உள்ளங்கைகள்தான். அவருக்கு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

ஆணையம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. வரி வாங்குபவரும் போலீஸ் வேலை பார்ப்பவரும் அன்றைக்கு ஒரே ஆள், தாசில்தார். அதைப் பிரிக்கத்தான் சில வருஷங்களில் தனிப் போலீஸ் படை வந்தது. இன்னொன்றில் ஆணையம் நழுவிவிட்டது. குற்றம் முழுவதையும் கீழ்மட்டத்து இந்திய ஊழியர்கள் தலையில் போட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, மக்களே அவர்களிடம்தான் பாதுகாப்புத் தேடுகிறார்கள் என்று எழுதியது. இத்தனை ரூபாய் வரி இன்ன தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று நெருக்கியவர் யார் என்ற கேள்வி அங்கே பெரிதாகவில்லை. 1857-ல் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதியபோது குத்திக் காட்டியதும் இதைத்தான். இன்றைக்கும் காவல் மரணம் நடந்தால் முதலில் கைதாவது கான்ஸ்டபிள்கள்தான். "சாயங்காலத்துக்குள்ள நகை வரணும்" என்று ஃபோனில் சொன்ன குரல் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

இதன் தொடர்ச்சியாகத்தான் நமக்குத் தெரிந்த அந்தச் சட்டம் வந்தது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள். அந்தச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் பின்னாளில் ஒரு உரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். இந்தியப் போலீஸார் ஏன் அடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தபோது அனுபவமுள்ள ஒரு அதிகாரி சொன்னாராம்: வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் சௌகரியமாக உட்கார்ந்து ஒரு பாவப்பட்டவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது எவ்வளவோ சுகம். நம்மவர்களைப் பற்றி ஆளும் இனத்தார் உட்கார்ந்து பேசிக்கொண்ட பேச்சு அது, அதன் இளக்காரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சித்திரவதை ஏன் நிற்கவில்லை என்பதற்கு இவ்வளவு நேரான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை. கொடூர மனம் உள்ளவர்கள் செய்வது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வேலையைக் குறைக்கும் வழி.

25, 26-க்கு அடுத்தது 27. அடி அந்தப் பிரிவு வழியாகத்தான் திரும்ப உள்ளே வந்தது. காவலில் இருப்பவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள அளவுக்கு அவன் பேச்சு செல்லும். 2024 ஜூலையில் பாரதிய சாட்சிய அதினியம் வந்து பழைய சட்டம் போன பிறகும் 23-வது பிரிவுக்குள் இது அப்படியே இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் படுகிறது: வாய் பொய் சொல்லலாம், புதைத்த நகை பொய் சொல்லாது. நடைமுறையில் என்ன ஆகிறது? வார்த்தைக்கு மதிப்பில்லை, பொருளுக்கு மதிப்பு உண்டு என்றால், அடி பொருளைத் தேடிப் போகும். 'ரெக்கவரி' வர வேண்டும். உண்மையான திருடனாக இருந்தால் எடுத்துக் கொடுப்பான். திருடாதவன் எதை எடுத்துக் கொடுப்பான்? ஒரு கடையைச் சொல்வான். அங்கே இல்லை என்றால் அடுத்த கடை. கடைசியில் வழக்குக்கு பயந்த ஒரு அடகுக்கடைக்காரர் தன் பெட்டியைத் திறந்து ஏதோ ஒரு சங்கிலியை எடுத்துக் கொடுப்பார்.

ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவரோடு பல வருஷம் காலை நடை போயிருக்கிறேன். நல்ல மனிதர், பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதற்காகவே ஊர் மாறி வந்தவர். இதைப் பற்றி ஒரு நாள் வெளிப்படையாகவே பேசினோம். "தம்பி, பத்துப் பேரைத் தட்டினா ஏழு பேரு எடுத்துக் குடுத்துருவான். நீங்க பேப்பர்ல படிக்கிறது அந்த ஒண்ணு ரெண்டுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அடித்து நகையை மீட்ட சம்பவங்கள் உண்மையிலேயே உண்டு. அவர் நினைவில் நின்றவை அவைதான். எங்கள் வீட்டுச் சம்பவமும் ஸ்டேஷன் கணக்கில் அந்த ஏழில் ஒன்றாகத்தான் ஏறியிருக்கும் என்பதை அவரிடம் சொன்னேன். சங்கிலி மீட்கப்பட்டது, புகார்தாரர் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டார், முடிந்தது. பொய்யான வெற்றியையும் மெய்யான வெற்றியையும் பிரித்துச் சொல்ல அந்த முறைக்குள் எந்த வழியும் கிடையாது. அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அப்படிப் பாத்தா ஒண்ணுமே சொல்ல முடியாது" என்றார்.

நம் போலீஸ் பயிற்சி இல்லாதவர்கள், கருவி இல்லாதவர்கள், அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். எல்லாம் இருந்தவர்களைப் பார்ப்போம். 2001 கடைசியில் பிடிபட்ட இப்னு அல் ஷேக் அல் லிபி என்பவரை அமெரிக்க உளவுத்துறை எகிப்துக்கு அனுப்பியது. அங்கே சித்திரவதைக்கு நடுவில், ஈராக் அரசு அல் கொய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்ததாக அவர் சொன்னார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் அதை எடுத்து வைத்தார். அடுத்த மாதம் ஈராக்மீது போர். மறு வருஷம் அல் லிபி, அடி தாங்காமல் அவர்கள் கேட்க விரும்பியதைச் சொன்னேன் என்று மாற்றிச் சொன்னார். அதற்குள் எத்தனை வீடுகள் தரைமட்டம். அதே உளவுத்துறையின் காவலில் இருந்த அபு சுபைதா என்பவரை 2002 ஆகஸ்டில் 83 முறை நீரில் மூச்சுத்திணற வைத்தார்கள். அதற்கு முன்பே, காயத்தோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அவருக்குப் பணிவிடை செய்தபடி அலி சூஃபான் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி பேச்சுக் கொடுத்து, செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் யார் என்பதை வாங்கியிருந்தார். அமெரிக்க செனட் குழு 2014-ல் வெளியிட்ட அறிக்கை இந்த முறைகளால் பயனில்லை என்றே முடித்தது.

பயனில்லாததற்குக் காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. ஒரு ராத்திரி தூங்காவிட்டால் சாவியை எங்கே வைத்தோம் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. நாலு நாள் தூங்காமல், வலியில், பயத்தில் இருப்பவனிடம் நாம் தேடுவது அவன் நினைவை. அந்த நினைவைத்தான் வலி முதலில் குலைக்கிறது. அந்த நேரத்தில் அவன் கவனிப்பது ஒன்றே ஒன்றை: எதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கை நிற்கிறது. எதிரில் இருப்பவரோ விடையை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வாக்குமூலம் பிறக்கிறது.

எழுதும் கையாலும் இது நடக்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். ஒரே ஒரு வாக்கியம். அந்தப் பையனுக்கு அப்போது 19 வயது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் போலீஸ் வாக்குமூலம் செல்லும் என்பதால் தூக்குவரை போனது. 31 வருஷம் கழித்து, 2022 மே மாதம்தான் விடுதலை. வேலூர் சிறை வாசல் என்று எங்கெங்கோ தன் மகனுக்காக அலைந்த அற்புதம்மாளின் செருப்புத் தேய்ந்ததை நாமெல்லாம் பார்த்தோம்.

சரி, வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் குண்டுவெடிப்பில் ஆறு பேரை அடித்து ஒத்துக்கொள்ள வைத்து 16 வருஷம் சிறையில் போட்டார்கள், 1991-ல் நிரபராதிகள் என்று விட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கமே இல்லை. முதலில் ஆளைத் தடையில்லாமல் பேச விடுவது, எல்லாவற்றையும் பதிவு செய்வது, பிறகு கையில் உள்ள சாட்சியத்தோடு ஒப்பிட்டுக் கேட்பது. இதில் வெயிலில் அலைய வேண்டும். அதுதான் கஷ்டம்.

எங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஏதோ பேச்சில், அந்தச் சங்கிலியைக் கடைசியாக எப்போது போட்டாய் என்று அம்மா கேட்டார். அத்தை யோசித்துவிட்டு, பங்குனி உத்திரத்துக்குப் போட்டது என்றார். பங்குனிக்கும் ஆவணிக்கும் நடுவில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் வீட்டுக்கு வராத சொந்தக்காரர் இல்லை. வெள்ளையடித்தவர் வந்தது மூன்று நாள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற முதல் கேள்வியைக்கூட ஸ்டேஷனில் யாரும் அத்தையிடம் கேட்கவில்லை. சங்கிலியை எடுத்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பயனில்லை என்பதால் மட்டும் நான் இதை எதிர்க்கிறேன் என்று விட்டுவிட முடியாது. ஒருவேளை அவரே எடுத்திருந்தால்? அத்தையின் முறுக்குச் சங்கிலியே மேஜைமேல் கிடந்திருந்தால்? இதை நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அப்போதும் அந்த விரல்கள் அந்த விரல்கள்தான். திருட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை சில வருஷச் சிறை, அதையும் நீதிபதிதான் கொடுக்க வேண்டும். ஒரு ஆளைக் கட்டிப்போட்டு, அவனுக்குத் தன் உடம்பின்மீது இருக்கும் உரிமையை முழுக்கப் பிடுங்கிக்கொண்டு, அவன் வலியையே கருவியாக்கி அவனுக்கு எதிராகத் திருப்புவது எந்தக் குற்றத்துக்கும் கூலி ஆகாது. கோடிக்கணக்கில் நிதி நிறுவன மோசடி செய்தவரை விசாரிக்கும்போது வக்கீல் பக்கத்தில் உட்காருகிறார். அங்கேயும் உண்மை தேவைதானே, பணம் திரும்ப வர வேண்டும்தானே? யார் மேல் கை வைக்கலாம், யார் மேல் கூடாது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பவர்கள் கோபத்தில் தன்னை மறந்து அடித்துவிட்டார்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அப்புறம் நாம். கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கும் குற்றவாளிகளின் படம் வாரம் ஒன்றாவது நம் கைப்பேசிக்கு வருகிறது. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று அதற்குக் கீழே ஒரு வரி. காவல் நிலையக் கழிவறைகளில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா என்று 2025-ல் உயர் நீதிமன்றமே கேட்டது. படத்தின் கீழே நம்மவர்கள் கைதட்டுகிறார்கள். பாலியல் குற்றவாளியின் படம் என்றால் எனக்கும் உள்ளுக்குள் ஏதோ திருப்தி எழுகிறது, அதை மறைக்கவில்லை. அந்தப் படத்துக்குக் கைதட்டிப் பழகிய ஊரில்தான் அஜித்குமாரைப் பின்புறம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா வைக்க வேண்டும், 18 மாதப் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிபட்ட ஸ்டேஷனில் கேமரா இருந்தது. வன்தட்டில் இடமும் இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். மடப்புரத்தில் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே அடித்தார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2017-ல் சட்ட ஆணையம் தனிச் சட்டத்துக்கு வரைவே எழுதிக் கொடுத்தது. அதுவும் அப்படியே இருக்கிறது.

அஜித்குமார் செய்தி ஓடிக்கொண்டிருந்த இரவு அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது 76. "அந்தக் கையெழுத்தை நான் போட்டிருக்கக் கூடாதுடா" என்றார். அந்தச் சங்கிலியை அவர் அந்த வருஷமே அடகுக்கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டாராம். முடிஞ்சதைக் கிளறாதீங்க சார், மறுபடி என்னைக் கூப்பிடுவாங்க என்று கும்பிட்டாராம்.

மறுநாள் அத்தைக்கு ஃபோன் செய்தேன். சங்கிலி என்ன ஆயிற்று என்று கேட்டேன். பீரோவில்தான் இருக்கிறது, ஒரு நாளும் போட்டதில்லை என்றார். விற்றிருக்கலாமே என்றேன்.

"எவளோ ஒருத்தி அவசரத்துக்கு அடகு வச்சதுடா அது. அவ வந்து கேட்டப்போ அந்தக் கடைக்காரன் என்ன சொல்லியிருப்பான்?" என்றார் அத்தை. மஞ்சள் நூலை இன்னும் எடுக்கவில்லையாம்.